60 ஹெர்ட்ஸில் கல்லீரல்: எம்.ஆர். எலாஸ்டோகிராபி குறித்த நிகழ்வு ஆய்வு

கல்லீரலில் நார்த்திசு எவ்வளவு படிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள நெடுங்காலம் ஊசிதான் வழி. பயாப்ஸியில் எடுக்கும் துணுக்கு, மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு. நார்ப்படிவு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. ஊசி சற்றுத் தள்ளி இறங்கியிருந்தால் அறிக்கையில் வேறு நிலை வந்திருக்கலாம். வலி உண்டு, அரிதாக ரத்தக்கசிவும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் சோதனையாக அதை யாரும் வைத்துக்கொள்ள முடியாது.

நார் படியப் படியக் கல்லீரல் கெட்டியாகும். அந்தக் கெட்டித்தன்மையை உடலுக்கு வெளியிலிருந்து அளக்கும் முறைகளில், எம்.ஆர்.ஐ. கருவியில் செய்யப்படும் எலாஸ்டோகிராபியை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில் பிறந்த முறை இது. ராஜா முத்துப்பிள்ளையை முதல் ஆசிரியராகவும் ரிச்சர்ட் ஈமனை இறுதி ஆசிரியராகவும் கொண்ட குழு, 1995-இல் சயன்ஸ் இதழில் இதன் அடிப்படையை வெளியிட்டது. ஜெல் கட்டிகளில் இயந்திர அதிர்வை அனுப்பி, 200 நானோமீட்டருக்கும் குறைவான அசைவைக்கூட எம்.ஆர்.ஐ. மூலம் படமாக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். 2007-இல் அதே நிறுவனத்தின் மெங் யின் குழு, 35 ஆரோக்கியமானவர்களையும் 50 கல்லீரல் நோயாளிகளையும் அளந்து, முறையை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது.

இன்று பல மையங்களில் இது வழக்கமான சோதனை. வழக்கமாகிவிட்டதால் வரும் ஆபத்தும் உண்டு: வண்ணப்படம் அழகாக வருகிறது, அதன் மேல் ஒரு வட்டம் போட்டால் எண் வருகிறது, எண் அறிக்கைக்குப் போகிறது. அந்த எண் எதிலிருந்து கணக்கிடப்பட்டது என்று திரும்பிப் பார்க்க நேரம் ஒதுக்கப்படுவதில்லை. எண்ணுக்கு ஆதாரம் அலைப்படம், அதாவது அதிர்வு கல்லீரலுக்குள் பரவுவதைக் காட்டும் படம். அலைப்படத்தைப் பார்க்காமல் கொடுக்கும் கிலோபாஸ்கல் (கெட்டித்தன்மையின் அலகு) மதிப்பு, சரியாக இருந்தாலும் சரிபார்க்கப்படாத மதிப்புதான். ஏன் என்பதை முறையின் உள்ளே போய்த்தான் காட்ட முடியும்.

ஏன் குறுக்கலை, ஏன் 60 ஹெர்ட்ஸ்

உடலுக்குள் இரண்டு வகை இயந்திர அலைகள் போகும். நெட்டலை, அதாவது சாதாரண ஒலி, மென்திசுவில் விநாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. திசு கெட்டியானாலும் இளகினாலும் அந்த வேகம் சிறிதளவே மாறும். மேலும் இம்முறையில் அனுப்பும் 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 அதிர்வில், அதன் அலைநீளம் 25 மீட்டருக்கும் மேல். 20 சென்டிமீட்டர் உறுப்புக்குள் அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

திசுவைப் பக்கவாட்டில் அசைத்தபடி போகும் குறுக்கலை வேறு மாதிரி. அதன் வேகம் திசுவின் விறைப்புக் குணகத்தை, அதாவது கெட்டித்தன்மையின் அளவை, நேரடியாகச் சார்ந்தது: குணகம் என்பது அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. அடர்த்தியை நீருக்குச் சமமாக, கன மீட்டருக்கு 1000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்கிறோம். 2 கிலோபாஸ்கல் உள்ள கல்லீரலில் குறுக்கலையின் வேகம் விநாடிக்கு 1.41 மீட்டர். 60 ஹெர்ட்ஸில் அலைநீளம் 2.4 சென்டிமீட்டர். 5 கிலோபாஸ்கல் ஆனால் 3.7 சென்டிமீட்டர், 8 ஆனால் 4.7. அளவுகோல் வைத்து அளக்கக்கூடிய வித்தியாசம் இது.

அதிர்வெண்ணைக் கூட்டினால் அலைநீளம் குறைந்து நுணுக்கம் கூடும் என்று தோன்றும். ஆனால் அதிர்வெண் கூடக் கூடத் திசு அலையை விழுங்கும். உறுப்பின் ஆழத்துக்குப் போய்ச் சேராது. குறைத்தால் ஒரு முழு அலைகூடக் கல்லீரலுக்குள் அடங்காமல் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கல்லீரலுக்கு ஒத்துவந்த இடம் 60 ஹெர்ட்ஸ்.

அதிர்வை உள்ளே அனுப்புவது

காந்தம் இருக்கும் அறைக்குள் ஒலிபெருக்கியை வைக்க முடியாது. ஆகவே அதிர்வூட்டி வெளியே, கருவி அறையில் இருக்கும். அங்கிருந்து நீண்ட பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காற்றழுத்த அதிர்வு, நோயாளியின் மேல் கட்டியிருக்கும் வட்டத் தட்டுக்கு வருகிறது. தட்டின் விட்டம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். உடலைத் தொடும் பக்கத்தில் வளையும் சவ்வு இருக்கும்.

தட்டின் மையம் வலது காறையெலும்பின் நடுக்கோட்டில், மார்பெலும்பின் கீழ்நுனி மட்டத்தில் வர வேண்டும். அதன் மேல் அகலமான எலாஸ்டிக் பட்டையைச் சுற்றி, நோயாளி மூச்சை முழுவதும் வெளியே விட்ட நிலையில் இறுக்கிக் கட்ட வேண்டும். உள்மூச்சில் கட்டினால் வெளிமூச்சில் தளரும். படம் எடுப்பது வெளிமூச்சில்தான். பெருங்குடலின் ஒரு மடிப்பு கல்லீரலுக்கும் விலாவுக்கும் இடையே புகுந்திருப்பது முன்படத்தில் தெரிந்தால், தட்டை வலப்பக்க அக்குள் கோட்டுக்கு நகர்த்தி வைக்க வேண்டும். குடலிலுள்ள காற்று அதிர்வைத் தடுத்துவிடும். மெலிந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிர்வின் வலிமையைக் குறைக்க வேண்டும்.

சோதனைக்கு முன் குறைந்தது 4 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டுக்குப் பின், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குள் ரத்த ஓட்டம் கூடும். நார் படிந்த கல்லீரல் அந்தக் கூடுதல் ஓட்டத்துக்கு நெகிழ்ந்து கொடுக்காது. விறைப்பு உயர்ந்து தெரியும். பாதிப்பு உள்ளவரிடமே இந்தப் பிழை பெரிதாக வருவதால், பட்டினி விதியைத் தளர்த்தக் கூடாது.

படமெடுப்பு: எண்கள் எப்படி ஒன்றையொன்று கட்டுகின்றன

அசையும் புரோட்டான்களின் மேல் அதே 60 ஹெர்ட்ஸில் முன்னும் பின்னும் புரளும் கிரேடியண்டைச் (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலம்) செலுத்தினால், அசைவின் அளவுக்கேற்ப அவற்றின் சமிக்ஞையில் கட்ட மாற்றம் (அலைச்சுழற்சியில் முன்பின் நகர்வு) சேரும். எதிர்த் துருவத்திலும் ஒருமுறை எடுத்துக் கழித்தால் அசைவு சாராத கட்டப்பிழை நீங்கி, அசைவின் கட்டம் இரட்டிப்பாகும். அதிர்வுச் சுழற்சிக்குள் சம இடைவெளியில் நான்கு தருணங்களில் இப்படி எடுத்தால் அலை நகர்வது தெரியும்.

இதிலிருந்து மற்ற அளவுகள் தாமாகவே வந்து விழுகின்றன. 60 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 16.7 மில்லிவிநாடி. ஒரு முழுச் சுழற்சிக்கு கிரேடியண்ட் ஓட வேண்டுமானால் எக்கோ நேரம் (தூண்டலுக்கும் சமிக்ஞையைப் படிப்பதற்கும் இடைப்பட்ட நேரம்) அதற்குக் கீழே போக முடியாது. கிரேடியண்ட் எக்கோ எனும் வழக்கமான படமெடுப்பு முறையில் ஏறத்தாழ 20 மில்லிவிநாடியில் நிற்கும். மறுதுடிப்பு நேரம் (ஒரு தூண்டலுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) அதிர்வோடு ஒத்திசைய வேண்டும். மூன்று சுழற்சி என்றால் 50 மில்லிவிநாடி. படத்தைக் கட்டும் 64 கட்டக் குறியீட்டு வரிகள் (வரிக்கு ஒரு தூண்டல்), நான்கு தருணங்கள், இரண்டு துருவங்கள்: 64 × 8 × 50 மில்லிவிநாடி, அதாவது 25.6 விநாடி. சில வரிகளை விட்டு எடுக்கும் இணைப் படமெடுப்பில் பாதியாகக் குறைத்தால் 13 விநாடி. ஒரு தளத்துக்கு, அதாவது ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு, ஒரு மூச்சு. 10 மில்லிமீட்டர் தடிமனில் நான்கு தளங்கள், நான்கு மூச்சு.

தளங்களைக் கல்லீரலின் அகலமான பகுதியில் வைக்க வேண்டும். உதரவிதானத்தை ஒட்டிய குவிமாடமும் கீழ்நுனியும் வேண்டாம். அங்கே அலைகள் தளத்துக்குச் சாய்வாகப் போகும். இந்தச் சாய்வுப் பிரச்சினை கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது.

அலையிலிருந்து கிலோபாஸ்கலுக்கு

கணினி முதலில் நான்கு தருணங்களிலிருந்து 60 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கிறது. பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் அசைவையும், இடத்தைப் பொறுத்து அதன் இரண்டாம் வகைக்கெழுவையும் ஒப்பிட்டுக் குணகத்தைக் காண்கிறது. அலை நெருக்கமாக வளைந்தால் குணகம் குறைவு, நீட்டி வளைந்தால் அதிகம். கணக்கின் சாரம் இவ்வளவுதான். ஆனால் இரண்டு பலவீனங்கள் இதற்குள்ளேயே இருக்கின்றன.

முதலாவது இரைச்சல். இரண்டாம் வகைக்கெழு இரைச்சலைப் பெரிதாக்கும். படத்தின் இரைச்சல் புள்ளிக்குப் புள்ளி துள்ளுவது. கணினிக்கு அது மிகச் சிறிய அலைநீளம் போலத் தெரியும். ஆகவே அலை வலுவிழந்த இடங்களில் விறைப்பு உண்மையைவிடக் குறைவாக வரும். கல்லீரலின் ஆழப்பகுதி நீலமாக, மென்மையாகத் தெரிந்தால் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அலையே அங்கே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். இதற்காகத்தான் நம்பக வரைபடம் என்று ஒன்றைக் கணினி கூடவே தருகிறது. நம்பகம் 95 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடங்கள் சதுரக் கட்டம்போட்டு மறைக்கப்பட்டிருக்கும். அந்த இடங்களுக்குள் வட்டம் நுழையக் கூடாது.

இரண்டாவது சாய்வு. இருபரிமாணக் கணக்கு, அலை தளத்துக்குள்ளேயே ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. அலை தளத்தைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போனால் படத்தில் அலைநீளம் நீண்டு தெரியும். விறைப்பு அலைநீளத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் பிழையும் வர்க்கமாக ஏறும். சாய்வு 30 பாகை என்றால் மதிப்பு 1.33 மடங்கு, 45 பாகை என்றால் இரண்டு மடங்கு.

இதை 2007 ஆய்வின் எண்களோடு சேர்த்துப் பாருங்கள். ஆரோக்கியமானவர்களின் சராசரி 2.20 கிலோபாஸ்கல். நார்ப்படிவைப் பிரித்தறிய அவர்கள் கண்ட எல்லை 2.93, அந்த எல்லையில் உணர்திறன் (நோயுள்ளவரைச் சரியாகப் பிடிப்பது) 98 சதவீதம், தனித்திறன் (நோயில்லாதவரைச் சரியாக விலக்குவது) 99 சதவீதம். சராசரி ஆரோக்கியமான கல்லீரலில் 30 பாகை சாய்ந்த அலையின் மேல் வட்டம் போட்டால் கிடைக்கும் மதிப்பு 2.20 × 1.33, அதாவது 2.93. நோயே இல்லாத ஒருவர் நோய் எல்லையில் வந்து நிற்பார். நம்பக வரைபடம் இதைக் காட்டிக் கொடுக்காது, ஏனென்றால் சாய்ந்த அலையும் வலுவான அலைதான், இரைச்சல் அதில் இல்லை. கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்: நான்கு தருணங்களையும் ஓடவிட்டுப் பார்த்தால், நல்ல அலை தட்டுக்குக் கீழிருந்து கிளம்பி வரிவரியாக உள்ளே நகரும். சாய்ந்த அலை ஓர் இடத்தில் அகலமாக ஊதி, எந்தத் திசையிலும் நகராமல் நிறம் மட்டும் மாறி மாறி வரும்.

இடது மடலில் இது அடிக்கடி நடக்கும். கூடவே இதயத் துடிப்பும் அங்கே அசைவைக் கலைக்கும். ஆகவே வட்டம் வலது மடலில் இருப்பதே நல்லது: கல்லீரலின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, பெரிய ரத்தக்குழாய்களையும் பித்தப்பையையும் விலக்கி, தட்டுக்கு நேர் கீழே ஊதித் தெரியும் பகுதியையும் விட்டுவிட்டு, வரிகள் ஒழுங்காக இருக்கும் இடத்தில், முடிந்தவரை பெரிதாக. நான்கு தளங்களின் மதிப்பையும் சேர்க்கும்போது, ஒவ்வொன்றிலும் வரைந்த பரப்பின் எடையோடு சராசரி காண வேண்டும். ஒரு தளத்தில் நல்ல பகுதி விரல்நுனி அளவே கிடைத்தது என்றால் அதற்கும் மற்றவற்றுக்கும் சம மதிப்பு கொடுப்பது தவறு.

படமே வராமல் போவது

தோல்விகளில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று அதிர்வு உள்ளே போகாதது, மற்றொன்று அதிர்வு போயும் சமிக்ஞை இல்லாதது. இரண்டிலும் எலாஸ்டோகிராம், அதாவது விறைப்பின் வண்ணப்படம், முழுவதும் கட்டம்போட்டு மறைந்திருக்கும், ஆனால் தீர்வு வேறு.

முதல் வகைக்குக் காரணங்கள் எளியவை: குழாய் கழன்றிருக்கும், மடங்கியிருக்கும், நோயாளியின் உடல் குழாயின் மேல் படுத்திருக்கும், பட்டை தளர்ந்திருக்கும், அதிர்வூட்டி இயங்கவே இல்லாமலிருக்கும். சரிபார்க்க நல்ல அடையாளம் ஒன்று உண்டு. சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் சாதாரணப் படத்தில், தட்டுக்குக் கீழேயுள்ள தோலடிக் கொழுப்பில் சமிக்ஞை இழந்த கருமை தெரிய வேண்டும். அங்கே அசைவு மிகப் பெரிதாக இருப்பதால் ஒரே படப்புள்ளிக்குள் கட்டங்கள் மாறுபட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்தக் கருமை இல்லையென்றால், நோயாளியை வெளியே எடுத்துக் குழாயைப் பாருங்கள். முதல் தளம் முடிந்தவுடனேயே இதைப் பார்த்துவிட்டால், நோயாளி வீணாக மூச்சடக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வகையில் முக்கியக் காரணம் இரும்பு. தலசீமியா போன்ற நோய்களுக்காகப் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும், இரும்புச்சேர்க்கைப் பரம்பரை நோய் உள்ளவர்களிடமும் கல்லீரலில் இரும்பு குவியும். இரும்பு சமிக்ஞையின் தேய்வு நேரத்தை, அதாவது சமிக்ஞை மங்க எடுக்கும் நேரத்தை, குறைக்கும். தேய்வு நேரம் 25 மில்லிவிநாடி உள்ள கல்லீரலில், 20 மில்லிவிநாடி எக்கோ நேரத்துக்குப் பின் 45 சதவீதச் சமிக்ஞை மிஞ்சும். இரும்பால் அது 5 மில்லிவிநாடியாக இறங்கினால் மிஞ்சுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. எக்கோ நேரத்தைக் குறைக்கலாமென்றால் 16.7 மில்லிவிநாடிச் சுழற்சி விடாது. 3 டெஸ்லா கருவியில் நிலைமை இன்னும் மோசம், காந்தப்புலம் கூடினால் தேய்வும் வேகமாகும்.

இங்கே அதிர்வைக் கூட்டிப் பயனில்லை. முறையை மாற்ற வேண்டும்: ஸ்பின் எக்கோ இ.பி.ஐ. என்ற படமெடுப்பு வரிசையில் காந்தப்புலச் சீர்குலைவால் வரும் தேய்வு மீட்கப்படுவதால் மிதமான இரும்பு உள்ள கல்லீரலிலும் படம் கிடைக்கும். பல தளங்களை ஒரே மூச்சில் எடுக்கவும் முடியும் என்பதால், மூச்சடக்க முடியாதவர்களுக்கும் இது உதவும். இரும்பு மிக அதிகமானால் இதுவும் தோற்கும். எலாஸ்டோகிராபிக்கு முன்பே இரும்பை அளக்கும் வரிசையை ஓட்டிவிடுவது நல்ல பழக்கம். எந்த வரிசையைத் தேர்வது என்று அதுவே சொல்லிவிடும்.

வயிற்றில் நீர் கோத்திருப்பது இம்முறைக்குத் தடையல்ல. வெளியிலிருந்து வரும் அழுத்த அலை நீரைக் கடந்து போய்க் கல்லீரலில் குறுக்கலையாக மாறுகிறது. அல்ட்ராசவுண்ட் வழியான கணநேர எலாஸ்டோகிராபியில், புரோப்பின் (தோலில் வைக்கும் கைக்கருவி) நுனி எழுப்பும் குறுக்கலை நீருக்குள் ஓடாது என்பதால் அளவீடு தோற்கும்.

அலகு ஒன்று, அளவு வேறு

அந்த அல்ட்ராசவுண்ட் முறைதான் பாரிஸின் எக்கோசென்ஸ் நிறுவனம் செய்யும் ஃபைப்ரோஸ்கேன். 50 ஹெர்ட்ஸில் ஒரு தட்டு தட்டி, தோலுக்குக் கீழே 25 முதல் 65 மில்லிமீட்டர் வரை அலை இறங்கும் வேகத்தை அளக்கிறது. பத்து செல்லுபடியாகும் அளவீடுகளின் இடைநிலையை எடுக்க வேண்டும்; அவற்றின் நடுப்பாதிச் சிதறல் இடைநிலையின் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொழுத்த உடலுக்கு 35 முதல் 75 மில்லிமீட்டர் ஆழம் பார்க்கும் பெரிய புரோப் உண்டு. படுக்கையருகே சில நிமிடங்களில் முடியும், செலவு குறைவு. முதல் கட்டப் பரிசோதனைக்கு அதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. பிரசல்ஸில் லோரன் ஹுவார்ட் குழு 141 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டபோது, எம்.ஆர். முறை 94 சதவீதம் பேரிடமும் அல்ட்ராசவுண்ட் முறை 84 சதவீதம் பேரிடமும் வெற்றிபெற்றது. எம்.ஆர். முறைக்கு உரிய இடம் அந்த வித்தியாசத்தில், அதாவது எளிய முறை தோற்கும் உடல்களிலும் எல்லையில் நிற்கும் மதிப்புகளிலும் இருக்கிறது.

நோயாளிகளையும் சில சமயம் மருத்துவர்களையும் குழப்புவது எண்கள். ஃபைப்ரோஸ்கேன் தருவது யங் குணகம் (இழுப்புக்குக் காட்டும் எதிர்ப்பு), எம்.ஆர். தருவது விறைப்புக் குணகம் (பக்கவாட்டு நழுவலுக்குக் காட்டும் எதிர்ப்பு). மென்திசுவில் முன்னது பின்னதைப்போல மூன்று மடங்கு. அலை விநாடிக்கு 1.5 மீட்டர் ஓடும் கல்லீரலை ஒரு கருவி 6.75 கிலோபாஸ்கல் என்றும் மற்றது 2.25 கிலோபாஸ்கல் என்றும் சொல்லும். இரண்டும் சரி. ஆனால் மூன்றால் வகுத்து ஒன்றை மற்றொன்றாக மாற்றி அறிக்கை எழுதவும் கூடாது: அதிர்வெண் வேறு, அளந்த இடம் வேறு, திசுவின் விறைப்பு அதிர்வெண்ணோடு மாறக்கூடியது. அறிக்கையில் எந்த முறை, எந்த அதிர்வெண் என்பது எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எண்ணைப் படிப்பது

60 ஹெர்ட்ஸ் எம்.ஆர். முறையில் நடைமுறையில் உள்ள வரம்புகள், கிலோபாஸ்கலில், இவை: 2.5-க்குக் கீழே இயல்பு, 2.5 முதல் 2.9 வரை இயல்பாகவோ அழற்சியாகவோ இருக்கலாம், 2.9 முதல் 3.5 வரை முதல், இரண்டாம் நிலை நார்ப்படிவு, 3.5 முதல் 4 வரை இரண்டாம், மூன்றாம் நிலை. 4 முதல் 5 வரை மூன்றாம், நான்காம் நிலை. 5-க்கு மேல் நான்காம் நிலை, அதாவது சிரோசிஸ். வரம்புகள் ஒன்றோடொன்று உராய்வதைக் கவனியுங்கள். நார் இல்லை என்றும் முற்றிய நார் என்றும் பிரிப்பதில் இம்முறை வலுவானது. இரண்டாம் நிலையையும் முதல் நிலையையும் ஓர் எண்ணை வைத்து வெட்டிச் சொல்வதில் அவ்வளவு வலு இல்லை. 2007 ஆய்விலேயே அந்தப் பிரிப்பின் உணர்திறன் 86, தனித்திறன் 85 சதவீதம்தான்.

விறைப்பு நாரால் மட்டும் கூடுவதில்லை. கடும் கல்லீரல் அழற்சி, பித்தநாள அடைப்பு, வலப்பக்க இதயச் செயலிழப்பால் கல்லீரலில் ரத்தம் தேங்குவது ஆகியவை நாரே இல்லாமல் மதிப்பை ஏற்றும். கால் வீக்கமும் விரிந்த கீழ்ப்பெருஞ்சிரையும் உள்ளவருக்கு 5 கிலோபாஸ்கல் வந்தால் சிரோசிஸ் என்று எழுதும் முன் இதயத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சிரை நம் படத்திலேயே இருக்கிறது. பார்ப்பதற்குத் தனிச் சோதனை தேவையில்லை.

தொடர் கண்காணிப்பில் இன்னொரு எல்லை உண்டு. மாற்றம் உண்மையானது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, விறைப்பு குறைந்தது 19 சதவீதம் மாறியிருக்க வேண்டும் என்பது வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கத்தின் கீழ் உருவான அளவீட்டுத் தரக் குழுவின் வரையறை. முதல் அளவு 4.0 என்றால் 4.76-ஐத் தொட்டால் ஏற்றம், 3.24-க்கு இறங்கினால் இறக்கம். 4.0-லிருந்து 4.4-க்குப் போனவரிடம் நோய் முற்றிவிட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை, 3.6-க்கு வந்தவரிடம் குணமாகிவிட்டது என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. இந்த 19 சதவீதமும் அதே கருவி, அதே வரிசை, அதே கணக்கு முறை, அதே பட்டினி நிலை இருந்தால்தான் பொருந்தும். ஹெபடைட்டிஸ் சி மருந்துக்குப் பின் எண் வேகமாக 19 சதவீதத்தைத் தாண்டி இறங்கும்போது, முதலில் இறங்கியது அழற்சியாக இருக்கலாம். நார் கரைவது மெதுவாக நடப்பது. அதனால் மருந்து முடிந்த உடனே எடுத்த மதிப்பை மட்டும் வைத்துச் சிரோசிஸ் நோயாளியின் புற்றுநோய்க் கண்காணிப்பு ஸ்கேன்களை நிறுத்தக் கூடாது.